பார்ஸன்ஸ்டவுனில் கண்ட சுருள்

அயர்லாந்து தேசத்தின் நடுப்பாகத்தில், சுற்றிலும் கரிய சதுப்பு நிலமும், மேலே பெரும்பாலான இரவுகளில் மேகம் கவிந்த ஆகாயமுமாக அமைந்த ஒரு பிரதேசத்தில், பர் என்ற சிற்றூர் ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்த நிலங்களைப் பெற்று வந்து குடியேறிய பார்ஸன்ஸ் குடும்பத்தாரின் பெயரால் நெடுங்காலம் அது பார்ஸன்ஸ்டவுன் என்றே வழங்கிற்று. பிற்காலத்தில்தான் பழைய பெயர் அதற்குத் திரும்பக் கிடைத்தது. வான சாஸ்திரத்துக்கென்று இடம் தேடிப் புறப்படுகிறவர் எவரும் மழைக்கும் மூடுபனிக்கும் பேர்போன அந்த ஊரைக் கனவிலும் தேர்ந்தெடுக்க மாட்டார். ஆயினும், 1845-ல் அங்கே எழுந்த தொலைநோக்கியின் கண்ணாடியைக் காட்டிலும் அகன்றதொரு கண்ணாடி, 1917-ல் அமெரிக்காவின் மௌண்ட் வில்சன் சிகரத்தில் நூறு அங்குலக் கருவி நிறுவப்படும் வரையில், உலகத்தில் வேறெங்கும் அமையவில்லை. ஆகாயத்தில் மங்கலான மேகத்திட்டுக்கள் போலத் தோன்றும் நெபுலாக்களுள் சில, மையத்திலிருந்து புறப்பட்டு வளைந்தோடும் கரங்களை உடையவை என்ற செய்தி மனித குலத்துக்கு முதன்முதலில் எட்டியதும் அந்தச் சதுப்பு நிலத்து ஊரிலிருந்துதான்.

அதற்குக் காரணராயிருந்தவர் மூன்றாம் ராஸ் பிரபுவாகிய வில்லியம் பார்ஸன்ஸ். 1800-ஆம் ஆண்டில் பிறந்து, டப்ளினிலும் ஆக்ஸ்போர்டிலும் கணித சாஸ்திரம் பயின்று, இருபத்தோராம் வயதிலேயே பார்லிமெண்டு அங்கத்தினராகி, பதின்மூன்று வருஷங்கள் அந்தப் பதவியை வகித்த பின், அரசியலைத் துறந்து ஊர் திரும்பி உலைக்களத்தில் நின்றவர் அவர். ஜமீன் வருமானம் இருந்தது. 1836-ல் அவரை மணந்த மேரி ஃபீல்டு என்ற யார்க்‌ஷயர் சீமாட்டி கொண்டுவந்த சொத்தும் சேர்ந்தது. அந்த அம்மையார் தாமே புகைப்படக் கலையில் தேர்ந்து, அக்கலை குழந்தைப் பருவத்தில் இருந்த நாளிலேயே பர் கோட்டையையும் அதன் கருவிகளையும் படமெடுத்து வைத்தவர். கணவர் வார்த்த உலோகத்தின் கதையைச் சொல்லுகிறவர்கள் இந்த அம்மையாரின் பெயரை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது, அது நியாயமாகாது.

ஒரு பிரபு தாமே கொல்லராக வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பதில் வில்லியம் ஹெர்ஷலின் சரித்திரத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிகப் பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, ஆயிரக்கணக்கான நெபுலாக்களைப் பட்டியலிட்ட அந்த மகான், தம் கண்ணாடிகளை வார்த்துத் தீட்டிய முறைகளை வெளியிடாமலே மறைந்தார். ஆகவே அவருக்குப் பின் வந்தவன் எவனாயினும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ராஸ் பிரபு அப்படித்தான் தொடங்கினார். ஆனால் ஹெர்ஷலைப்போல அவர் ரகசியம் காக்கவில்லை. உருக்கிய விதம், ஆறவிட்ட விதம், தீட்டிய விதம், பட்ட நஷ்டங்கள் ஆகிய எல்லாவற்றையும் ராயல் சொசைட்டியின் ஏடுகளில் பகிரங்கமாக எழுதி வைத்தார். கண்டுபிடிப்பைக் காட்டிலும் இந்தக் குணத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அக்காலத்தில் தொலைநோக்கிக்குரிய கண்ணாடி உண்மையில் கண்ணாடியன்று, உலோகம். தாமிரம் இரண்டு பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு என்ற கணக்கை ஒட்டிக் கலந்து உருக்கினால், வெள்ளியைப்போல் ஒளிரும் ஒரு வெண்ணிற உலோகம் கிடைக்கும். கேரளத்தின் ஆறன்முளையில் இன்றும் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. அந்த உலோகத்துக்கு ஒரு துர்க்குணம் உண்டு: மிகவும் கடினமானதாயிருந்தும், சூட்டில் சிறிது ஏற்றத்தாழ்வு நேர்ந்தாலும் சடக்கென்று விரிந்து உடைந்துவிடும். உள்ளங்கையளவில் வார்ப்பதே அரிதாயிருக்க, ராஸ் பிரபு முதலில் மூன்றடி அகலத்தில் ஒன்றை வெற்றிகரமாகச் செய்து, பிறகு ஆறடி அகலத்துக்குத் துணிந்தார். உருகிய உலோகத்தில் அடைபட்ட வாயு வெளியேறுவதற்காக அவர் கையாண்ட உபாயம் அதிசயமானது: அச்சின் அடித்தளத்தை ஒரே பாளமாகச் செய்யாமல், மெல்லிய இரும்புப் பட்டைகளை நெருக்கமாக நிற்கவைத்து அடுக்கி அமைத்தார், பட்டைகளினிடையே வாயு நழுவிப் போகும், உலோகம் போகாது, அன்றியும் அடிப்புறம் முதலில் இறுகி, மேல்நோக்கிக் கிரமமாக ஆறிவரும்.

1842 ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு, கோட்டையின் அகழியை ஒட்டிய வார்ப்படச் சாலையில், அந்தப் பிரதேசத்துச் சதுப்பிலிருந்து வெட்டியெடுத்து உலர்த்திய கரிமண் கட்டிகளையே விறகாகக் கொண்டு மூன்று உலைகள் எரிந்தன. ஆர்மா வானோக்கு நிலையத்தின் தலைவரான ராபின்ஸன் பாதிரியார் அருகில் நின்று பார்த்து எழுதிய வர்ணனை இருக்கிறது. ஏறக்குறைய மூன்று டன் எடையுள்ள உலோகம் மூன்று மூசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் அச்சிற் பாய்ந்தது. இறுகிய தட்டைச் செந்தணலாயிருக்கும்போதே சூளைக்குள் இழுத்து வைத்து அடைத்து, பதினாறு வாரங்கள் மெல்ல ஆறவிட்டார்கள். வேலை செய்தவர்கள் லண்டனிலிருந்து வந்த நிபுணர்கள் அல்லர். அந்தப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்து, பிரபுவின் கையாலேயே பழக்கப்பட்ட கிராமத்து ஆட்கள். சில வார்ப்புகள் பாழாயின. இறுதியில் இரண்டு கண்ணாடிகள் தேறின. ஈரக்காற்றில் உலோகத்தின் மெருகு விரைவில் மங்கிவிடுமாதலால், ஒன்று தொலைநோக்கியில் இருக்கும்போது மற்றொன்று நீராவி இயந்திரத்தால் இயங்கும் தீட்டுமேடையில் மெருகேறிக்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தாங்கிய மரக்குழாய் ஐம்பது அடிக்கு மேற்பட்ட நீளமுள்ளது. திறப்பு விழாவுக்கு முன் பாதிரியார் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தபடியே அதற்குள் நடந்து போனார் என்று ஒரு கதை வழங்குகிறது. அத்தனை பெரிய குழாயை ஆகாயத்தின் எத்திசையிலும் திருப்புவதற்கான யந்திர வசதி அன்று இல்லை. ஆகவே, வடக்கு தெற்காக எழுப்பிய சுமார் ஐம்பதடி உயரமுள்ள இரண்டு கற்சுவர்களுக்கிடையே சங்கிலிகளால் அதைத் தொங்கவிட்டார்கள். மேலும் கீழும் நன்றாக அசையும்; பக்கவாட்டில் சிறிதளவே நகரும். ஆதலால் எந்த நக்ஷத்திரமானாலும் உச்சிக்கோட்டைக் கடக்கும் சமயத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே காட்சிக்கு அகப்படும். அந்த ஒரு மணியில் மேகம் வந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1845 பிப்ரவரியில் குழாய் முதன்முதலாக வானை நோக்கிற்று. அந்த வசந்தத்தில், ஏப்ரல் மாத வாக்கில், பிரபுவின் பார்வை சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியிலுள்ள மரீசி நக்ஷத்திரத்துக்கு அருகிலிருக்கும் ஒரு நெபுலாவின்மேல் விழுந்தது. பிரெஞ்சுக்காரரான மெஸ்ஸியே 1773-ல் கண்டு, தம் பட்டியலில் 51-ஆம் எண் கொடுத்து வைத்திருந்த நெபுலா அது. அதற்கு அடுத்தாற்போல் ஒட்டினாற்போலச் சிறிய துணை ஒன்று இருப்பதை 1781-ல் மெஷான் என்பவர் கவனித்தார். ஹெர்ஷலின் குமாரரான ஜான் ஹெர்ஷல் அதை ஒரு மையமும், அதைச் சூழ்ந்து ஒரு பக்கத்தில் இரண்டாகப் பிளந்த வளையமுமாகச் சித்திரித்திருந்தார். ஏப்ரல் நள்ளிரவில் பர் நகரத்தின் தலைக்கு மேலே, உச்சிக்கு மிகவும் சமீபத்தில் அது வரும். சுவர்களிடையே கட்டுண்ட அந்தக் கருவிக்கு இதைவிட அனுகூலமான நிலை வாய்த்திருக்க முடியாது. ஆறடிக் கண்ணாடியின் ஒளியில் ஹெர்ஷலின் வளையம் மறைந்தது. மையத்திலிருந்து புறப்பட்ட கரங்கள் ஒரே திசையில் சுழன்று விரிந்து, அவற்றில் ஒன்றின் நுனி அந்தச் சிறிய துணையைச் சென்று தொடுவதைப் பிரபு கண்டார். கண்டபடியே காகிதத்தில் வரைந்தார்.

அந்தச் சித்திரம் அவ்வாண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜில் கூடிய பிரிட்டிஷ் அஸோஸியேஷனில் வைக்கப்பட்டபோது, தம் வளையத்தை இழந்த ஜான் ஹெர்ஷலே எல்லாரினும் அதிகமாக மகிழ்ந்தார். பிரபுவோ விளக்கம் ஏதும் சொல்ல அவசரப்படவில்லை. இத்தகைய அமைப்பு உள்ளே எவ்வித இயக்கமும் இல்லாமல் நிலைத்திருப்பது சாத்தியமன்று என்ற அளவுக்கு மட்டும் அவர் எழுதினார். துணை நெபுலாவுக்கும் அந்தச் சுருளுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டார். அதற்கு மேல் போகவில்லை.

வந்தது இலையுதிர் காலம். அதனுடன் உருளைக்கிழங்குப் பயிரை அழுகச் செய்த நோயும் வந்தது. தொடர்ந்த சில ஆண்டுகளில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் அளவில் மாண்டனர். பத்து லட்சத்துக்குக் குறையாத ஜனங்கள் கப்பலேறிப் போயினர். ராஸ் பிரபு அந்த ஜில்லாவின் அரசப் பிரதிநிதியாகவும், அங்கே பெரிய ஜமீன்தாராகவும் இருந்தவர். வானோக்கு வேலை பெரும்பாலும் நின்றது. வருமானம் நிவாரணத்துக்குச் சென்றது. கோட்டையைச் சுற்றிய வேலைகளில் ஏழைகளுக்குக் கூலி கிடைத்தது. 1848-ல்தான் இரவு வேலை மறுபடி ஒழுங்காகத் தொடங்கிற்று. பஞ்சத்தின் சரித்திரத்தை இங்கே விரிப்பது நம் நோக்கமன்று. ஆனால் உலகத்தின் தலைசிறந்த தொலைநோக்கி மூன்று வருஷ காலம் ஏன் மௌனமாயிற்று என்பதை விஞ்ஞான நூல்கள் அடிக்குறிப்பாகக் கூடச் சொல்லாமல் விடுவதுண்டு என்பதனால் இதைக் குறிக்க நேர்ந்தது.

1850-ல் பிரபு தம் நெபுலா ஆராய்ச்சியை வெளியிட்டபோது பன்னிரண்டுக்கு மேற்பட்ட சுருள்கள் சேர்ந்திருந்தன. ஆயினும் எல்லாரும் நம்பிவிடவில்லை. அத்தனை பெரிய கண்ணாடி வேறெவரிடமும் இல்லை. கண்ணாற் கண்டு கையால் வரைந்த படத்தைச் சாட்சியாக ஏற்க மறுப்பதும் எளிது. இத்தாலியில் ஆர்செத்ரி வானோக்கு நிலையத்தில் இருந்த டெம்பெல் என்பவர், தாமும் கூர்மையான பார்வையுடையவர், இந்தச் சுருள்களெல்லாம் வெறும் கற்பனையே என்று 1870-களில் எழுதினார். பர் கோட்டையில் சில வருஷங்கள் உதவியாளராயிருந்து, பின்னர் 1888-ல் நெபுலாக்களின் மாபெரும் பட்டியலைத் தொகுத்த டிரையர் அவருக்கு மறுப்பெழுத வேண்டியதாயிற்று. வழக்கைத் தீர்த்தது பேனா அல்ல, புகைப்படத் தகடு. இங்கிலாந்தில் ஐஸக் ராபர்ட்ஸ் 1889-ல் எடுத்த படத்தில் அதே கரங்கள், பிரபு வரைந்த அதே போக்கில், துணை நெபுலா சகிதமாகப் பதிந்திருந்தன.

வடிவம் நிச்சயமாயிற்று, பொருள் என்ன என்பது நிச்சயமாகவில்லை. ராபர்ட்ஸே தாம் முந்திய வருஷத்தில் எடுத்த ஆண்ட்ரமீடா நெபுலாவின் படத்தைப் பார்த்து, சூரியனும் கிரகங்களும் உருவாகிவரும் காட்சி என்று எண்ணினார். லிக் வானோக்கு நிலையத்தில் கீலர், எங்கு திருப்பினாலும் சுருள் நெபுலாக்கள் தென்படுவதைக் கண்டு, அவற்றின் தொகை லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார். அத்தனை சூரிய குடும்பங்கள் இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கின்றன என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டந்தான். 1916-ல் வான் மானன் என்ற டச்சு விஞ்ஞானி, மெஸ்ஸியே பட்டியலின் 101-ஆம் எண் நெபுலா எண்பத்தையாயிரம் வருஷத்தில் ஒரு சுற்று வருகிறது என்று தகடுகளை ஒப்பிட்டு அளந்து சொன்னார். அவ்வளவு விரைவாகச் சுழல்வது உண்மையானால் அது அருகில் இருந்தாக வேண்டும்; தொலைவிலிருந்தால் அதன் ஓரம் ஒளியினும் வேகமாகப் பாய வேண்டியிருக்கும். 1923-ல் வான சாஸ்திரி ஹப்பிள், ஆண்ட்ரமீடாவிற்குள் கால அளவோடு மங்கிப் பிரகாசிக்கும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டு அதன் தூரத்தைக் கணித்தபோது, சுருள்கள் நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனித்தனி நக்ஷத்திர மண்டலங்கள் என்பது வெளியாயிற்று. வான் மானன் அளந்த சுழற்சி பிழையென்றும் பின்னர்த் தெரிந்தது. பிரபுவின் சித்திரத்தில் கைகோத்து நின்ற ஜோடி ஏறக்குறைய மூன்று கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது.

அப்போதுதான் உண்மையான சங்கடம் தொடங்கிற்று. ஒரு நக்ஷத்திர மண்டலம் இறுகிய சக்கரமாகச் சுழல்வதில்லை. உள்ளே இருப்பவை விரைவில் ஒரு சுற்றை முடிக்கும், வெளியே இருப்பவைக்கு அதிக காலம் பிடிக்கும். மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்திலிருக்கும் நம் சூரியன் ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 22 கோடி வருஷம் ஆகிறது. அதில் பாதித் தூரத்தில் இருக்கும் நக்ஷத்திரம் அதற்குள் இரண்டு சுற்று வந்துவிடும். கரம் என்பது நக்ஷத்திரங்களாலும் வாயுவாலும் ஆன ஒரு பொருளானால், சூரியன் இதுவரை சுமார் இருபது முறை சுற்றிவந்த காலத்துக்குள் அது மேலும் மேலும் இறுகிச் சுற்றிக்கொண்டு, கரம் என்று பிரித்தறிய முடியாதபடி மறைந்திருக்க வேண்டும். வானிலோ ஒன்றிரண்டு சுற்றுக்களுக்கு மேல் சுருளாத, அகலமாக விரிந்த கரங்களே எங்கும் காணக்கிடக்கின்றன. 1928-ல் ஜேம்ஸ் ஜீன்ஸ், நமக்குத் தெரியாத சக்திகள் ஏதேனும் இங்கே வேலை செய்கின்றனவோ என்று கூட ஐயுற்றார்.

ஸ்டாக்ஹோம் அருகே வானோக்கு நிலையத்தை நடத்திய பெர்ட்டில் லிண்ட்பிளாட், புதிய சக்தியைத் தேடாமல், நக்ஷத்திரங்களின் பரஸ்பர ஈர்ப்பே போதும் என்று முப்பது நாற்பது வருஷ காலம் பிடிவாதமாகக் கணக்கிட்டு வந்தார். அவருடைய கட்டுரைகள் படிப்பதற்குக் கடினமானவை. கரங்கள் சுழற்சியின் திசையில் முந்திச் செல்லுகின்றன என்று நெடுநாள் அவர் கொண்டிருந்த கொள்கையும் தவறாயிற்று. ஆகையால் அவர் கூறியதில் இருந்த உண்மையையும் சகாக்கள் அலட்சியம் செய்தார்கள். இதற்கிடையில் 1951-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் நிலையத்தில் மார்கனும் அவருடைய இளம் தோழர்களும், வெப்பம் மிக்க நீல நக்ஷத்திரங்களின் தூரங்களை அளந்து, நம் பால்வீதிக்கும் கரங்கள் உண்டு என்று காட்டினார்கள். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்து அதே யெர்க்ஸில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1953-ல் பௌதிக விஞ்ஞானி ஃபெர்மியுடன் சேர்ந்து, கரங்களினூடே பரவியிருக்கும் காந்தப் புலத்தின் வலிமையை நக்ஷத்திர ஒளியின் போக்கிலிருந்து மதிப்பிட்டார். அந்தப் புலமே கரத்தைக் கட்டி நிறுத்துகிறதோ என்ற எண்ணம் சில காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்னர், வாயுவை ஒருவாறு பாதிக்கலாமேயன்றி, நக்ஷத்திரக் கூட்டத்தின் சுருளைத் தாங்க அதற்கு வலிமை போதாது என்று தெளிவாயிற்று. சந்திரசேகர் கண்ட அளவுமுறை மட்டும் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது.

1964-ல் திருப்பம் வந்தது. பீக்கிங் நகரில் பிறந்து, நீரோட்டத்தின் கணிதத்தில் கீர்த்தி பெற்று, மாஸச்சூஸட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஆசிரியராயிருந்த லின் சியா-சியாவ், பிராங்க் ஷூ என்ற இளைஞருடன் கூடி, கரம் ஒரு பொருளே அன்று, அது ஓர் அலை என்றார். கோயில் பிராகாரத்தைப் பிரதக்ஷிணம் செய்யும் கூட்டம் ஒரு சந்நிதிக்கு முன்னால் மட்டும் தயங்கி நெருங்கி, கடந்ததும் கலைகிறது. அங்கே நிற்பவர் கணந்தோறும் மாறினாலும் நெரிசல் மட்டும் அந்த இடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. கரமும் அத்தகைய நெரிசல்தான். ஒரு வித்தியாசம், அந்த நெரிசல் தானும் ஒரே சீரான வேகத்தில் மெல்ல வட்டமிடுகிறது. நக்ஷத்திரங்களும் வாயுவும் பின்னாலிருந்து வந்து அதனுள் புகுந்து, ஈர்ப்பினால் சற்றே தாமதித்து, முன்னால் வெளியேறுகின்றன. வாயு அங்கே திடீரென்று நெருக்குண்டு புதிய நக்ஷத்திரங்களைப் பிறப்பிக்கிறது; அவற்றுள் பெரியவை நீல ஒளியோடு கொழுந்துவிட்டெரிந்து, கரத்தை விட்டு வெகுதூரம் போகுமுன்பே ஆயுள் முடிகின்றன. ஆதலின் கண்ணுக்குக் கரம் பளிச்சென்று தெரிகிறது. உண்மையில் அங்கே கூடுதலாயிருக்கும் திணிவு அவ்வளவு பிரமாதமன்று. 1972-ல் ஹாலந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோத் தொலைநோக்கியால் 51-ஆம் எண் நெபுலாவை ஆராய்ந்தவர்கள், நெருக்குண்ட வாயுவுக்குரிய ரேடியோ ஒளி கரத்தின் உட்புற விளிம்பை ஒட்டி ஓடுவதைக் கண்டு, லின் கூறியதற்கு நல்ல சாட்சியம் கிடைத்ததென்று மகிழ்ந்தனர்.

லின் அந்த அலை என்றைக்கும் நிலைத்திருப்பது என்று நம்பினார். நான் படித்த வரையில், அவருடைய கொள்கையில் மிகவும் அழகானதும் மிகவும் பலவீனமானதும் அதுவே. எஸ்தோனியாவிலிருந்து அகதியாக வந்து, லின் இருந்த அதே மாஸச்சூஸட்ஸ் நிலையத்தில் கணிதம் கற்பித்த ஆலர் டூம்ரே, 1969-ல், இத்தகைய அலைகள் உள்நோக்கி நகர்ந்து சில சுற்றுக்களுக்குள் கரைந்துவிட வேண்டும் என்று காட்டினார். அப்படியானால் அவற்றை மீண்டும் மீண்டும் எழுப்புவது எது? 1972-ல் அவரும் அவருடைய சகோதரர் யூரியும் கம்ப்யூட்டரில் இரண்டு நக்ஷத்திர மண்டலங்களை ஒன்றையொன்று கடந்து போகச் செய்து பார்த்தனர். சமுத்திரத்தில் சந்திரன் எழுப்பும் ஏற்றவற்றத்தை ஒத்த ஈர்ப்பே, கடந்துபோன துணையின் திசையில் ஒரு நீண்ட கரத்தையும், எதிர்ப்புறம் மற்றொன்றையும் இழுத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் 51-ஆம் எண் நெபுலாவும் அதன் துணையும் இருந்தன. பார்ஸன்ஸ்டவுனில் பிரபு வரைந்த படத்தில் கரத்தின் நுனியில் ஒட்டிக்கிடந்த அந்தச் சிறிய ஒளித்திட்டு அலங்காரமன்று, அதுவே காரணகர்த்தா. தாம் கண்டதற்கு உகந்த கொள்கை ஒன்றைப் பிரபு அன்றே வகுத்துக்கொண்டிருந்தால், அக்கொள்கைக்கு அநாவசியமான துணையை மங்கலாக வரைந்துவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா மண்டலங்களுக்கும் இப்படித் துணை வாய்ப்பதில்லை. சிலவற்றில் நடுவே நீண்ட கோல் போல் அமைந்த நக்ஷத்திரத் தொகுதி சுழன்று அலையை எழுப்புகிறது. வேறு பலவற்றில் இரண்டு பெருங்கரங்களே இல்லை; துண்டு துண்டாகப் பல சிறு கரங்கள். ஏதேனும் ஓரிடத்தில் தற்செயலாக வாயு சற்றே திரண்டால், உள்ளும் புறமும் வேகம் வேறுபடுவதால் அந்தத் திரட்சி சாய்ந்து நீளும். சாயும்போதே அக்கம்பக்கத்து நக்ஷத்திரங்களின் ஈர்ப்பும் கூடி அதைப் பல மடங்கு பெருக்கும். பிறகு அது கலைய, வேறோரிடத்தில் மற்றொன்று எழும். 1960-களின் நடுவில் கோல்ட்ரைக், லிண்டன்-பெல், டூம்ரே முதலியோர் கணக்கிட்டுக் காட்டிய இந்த விளைவைப் பெரும்பாலான சுருள்களின் அடிப்படையாக இன்று பலர் கொள்ளுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கரமும் எழுந்து கலையும்போது நக்ஷத்திரங்களின் ஒழுங்கான ஓட்டத்தைச் சிறிது கலக்கிவிட்டுப் போகிறது. தாறுமாறான வேகங்கள் பெருகப் பெருக, அடுத்த கரம் எழும்புவது கடினமாகிறது. 1984-ல் செல்வுட், கார்ல்பெர்க் என்னும் இருவர் கம்ப்யூட்டரில் கண்டபடி, குளிர்ந்த வாயு வெளியிலிருந்து வந்து சேர்ந்து, ஒழுங்கான ஓட்டமுள்ள புதிய நக்ஷத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தால் மட்டுமே சுருள்கள் தொடர்ந்து தோன்றும். வாயு நின்றால் சில சுற்றுக்களில் கரங்கள் ஓய்ந்துவிடும். ஹப்பிள் 1936-ல் தம் வகைப்பாட்டில், அன்று வெறும் அனுமானமாக, எஸ்-பூஜ்யம் என்றொரு இனத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார். அத்தகைய மண்டலங்கள் பிற்பாடு ஏராளமாகத் தென்பட்டன. தட்டு உண்டு, மையப் புடைப்பு உண்டு, சுழற்சியும் குறைவின்றி உண்டு. வாயு மட்டும் தீர்ந்துபோனமையால் அவற்றில் கரங்கள் இல்லை.